மாசானமுத்துவின் வலது முழங்கால்

மாசானமுத்து வீடா? எந்த மாசானமுத்து அண்ணாச்சி? இந்த ஊர்ல கல்லை எறிஞ்சா ஒரு மாசானமுத்து மேலதான் விழும். கபடிக்கார மாசானமா? அப்படிச் சொல்லுங்க. மொதல்ல உக்காருங்க. அந்த ஸ்பீக்கர் பெட்டி மேலயே உக்காருங்க, காலிப் பெட்டிதான், ஒண்ணும் ஆவாது. இந்த வெயில்ல நின்னுக்கிட்டே வீடு கேக்கீங்க, வீடு எங்க போயிரப் போவுது?

எந்த ஊரு, கயத்தாறா? அப்ப நீங்க பொண்ணு வீட்டுக்காரர். மறைக்காதீங்க அண்ணாச்சி, இதுல என்ன இருக்கு. தேய்ச்ச வேட்டி, கூட ஆளு இல்ல, கையில பழம் பூ இல்ல, பஸ்ஸை விட்டு இறங்குனதும் வழி கேக்க மாதிரி ஒரு கடையில வந்து நிக்கீங்க. மாப்பிள்ளையைப் பத்தி விசாரிக்க வாரவங்க எல்லாரும் இப்படித்தான் வருவாங்க. என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கையில நானும் இப்படித்தான் டீக்கடை டீக்கடையா போயி உக்காந்தேன். வயிறு ஊதுனதுதான் மிச்சம். பொண்ணைப் பெத்தவன் நாலு இடத்துல கேக்கத்தான் செய்யணும்.

ஆனா நீங்க சரியான இடத்துக்கு வந்திருக்கீங்க பாத்துக்கிடுங்க. எதிர்த்த சலூன்ல கேட்டிருந்தீங்கன்னா அவன் ஒண்ணுக்கு ரெண்டாச் சொல்லியிருப்பான். என்கிட்ட உள்ளது உள்ளபடி வரும். பூலுடையார் மைக் செட்டுன்னா இந்தச் சாலைக்குளத்துல மட்டுமில்ல, சுத்துப்பட்டு ஊர் பூராவும் தெரியும். பூலுடையார் நாந்தான். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, எழவு, எதுக்குன்னாலும் நம்ம செட்டுதான். கபடி மேட்ச்சுன்னா செட்டு மட்டுமில்ல, மைக்ல பேசுறதும் நாந்தான். மாசானம் கோட்டைத் தாண்டிப் போன ஒவ்வொரு தடவையும் அவன் பேரைச் சொன்ன வாய் இது.

என்ன கேக்கீங்க? கால் ஊனம்னு கேள்விப்பட்டீங்களா? யாரு சொன்னது? ஊனமெல்லாம் கிடையாது அண்ணாச்சி. மணையில சம்மணம் போட்டு உக்காருவானான்னு உங்க வீட்டம்மா கேட்டு விட்டாங்களா? இருங்க, அதுக்குத்தான் வாரேன். அந்தக் காலைப் பத்தி மொதல்ல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு வெளங்கும். அவசரப்படாதீங்க, ஊருக்குத் திரும்பப் பஸ் நெறைய கெடக்கு. ஏல, ரெண்டு டீ அனுப்பச் சொல்லு.

பையன் தங்கம். குடி கிடையாது, பீடி கிடையாது. அப்பா இல்ல, அம்மா பேச்சியம்மா மட்டுந்தான். ஆலங்குளத்துல டிராக்டர் பார்ட்ஸ் கடையில நிக்கான், காலையில போனா சாயங்காலம் வருவான். பேச்சு ரொம்பக் கம்மி. பத்து வார்த்தை கேட்டா ஒரு வார்த்தை வரும், அதுவும் தலையை ஆட்டி முடிஞ்சா வராது. ஆனா ஆடுகளத்துல எறங்கிட்டாம்னா அது வேற ஆளு. எதிர் பக்கம் ஏழு பேரு கையைக் கோத்துக்கிட்டு நிப்பாங்க. இவன் கபடி கபடின்னு மூச்சுவிடாம பாடிக்கிட்டே உள்ள போவான். ஒருத்தனைத் தொடுவான். அம்புட்டுப் பேரும் மேல விழுவாங்க. விழுந்த கூட்டத்துக்கு அடியில இருந்து ஒரு கை மட்டும் வெளிய வரும், வந்து நடுக்கோட்டைத் தொடும். விரல் நுனி பட்டாப் போதும்லா, பாயிண்டு நம்மளுக்கு.

அதைப் பாத்துத்தான் நான் பட்டம் குடுத்தேன், சாலைக்குளத்துச் சாரைப்பாம்புன்னு. அவனுக்குப் பிடிக்காது. அண்ணே, அப்படிச் சொல்லாதீங்கம்பான். அவனுக்குப் பிடிக்காட்டி என்ன, ஜனத்துக்குப் பிடிச்சிருந்துச்சு. நான் மைக்ல சாரைன்னு ஆரம்பிச்சாப் போதும், மிச்சத்தைக் கூட்டமே சொல்லிரும்.

இப்ப கோப்பை விசயத்துக்கு வாரேன். எங்க அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி வைகாசியில சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் ஒரு போட்டி நடக்கும். சுழற்கோப்பை. ஜெயிச்ச ஊரு ஒரு வருஷம் வச்சிருக்கலாம், அடுத்த வருஷம் திருப்பிக் குடுத்துரணும். ஆனா ஒரே ஊரு விடாம மூணு வருஷம் ஜெயிச்சா கோப்பை அந்த ஊருக்கே சொந்தம். எங்க அப்பா காலத்துல இருந்து எந்த ஊரும் அப்படி ஜெயிச்சதில்ல. மாசானம் வந்த பெறகு ரெண்டு வருஷம் நாங்க ஜெயிச்சுட்டோம். போன வைகாசி மூணாவது. ஊர்ல ஒருத்தனுக்கும் உறக்கம் இல்ல பாத்துக்கிடுங்க. துபாயில இருக்கவன்லாம் லீவு போட்டுட்டு வந்துட்டான். கட்டிக் குடுத்த பொண்ணுக கல்யாணமாகி மொதக் கொடைன்னு சொல்லிக்கிட்டு வந்துட்டாளுக, வந்தது கபடி பாக்க.

ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் மேட்ச். கால் இறுதியில அவன் ரைடு போறான். ஓரத்துல நின்ன ஒருத்தன் கணுக்காலைப் பிடிச்சுட்டான், இன்னொருத்தன் பின்னால இருந்து இடுப்பைத் தள்ளுதான். கால் அங்கன நிக்கி, உடம்பு இங்கன திரும்புது. ஒரு சத்தம். மைக் என் கையில இருக்கு, அம்புட்டு இரைச்சல்ல எனக்குக் கேட்டுச்சு. முருங்கைக் கொப்பு ஒடிஞ்ச மாதிரி.

கூட்டம் எந்திரிச்சு முன்னால வந்துட்டு. அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. ஒருத்தன் தண்ணி தெளிங்கான். ஒருத்தன் காலை இழுத்து விடுங்கான். ஒருத்தன் இழுக்காதே, நீவி விடுங்கான். பாதிப் பேரு எதிர் டீம்காரனை அடிக்க ஓடிட்டாங்க. நம்ம பையன் மண்ணுல கெடக்கான், அவனைத் தூக்கப் போனவன் கொஞ்சம், அடிக்கப் போனவன் அதிகம். நான் விடாம மைக்ல, 'ரசிகப் பெருமக்கள் அமைதி காக்கவும், மாசானமுத்து எழுந்துவிடுவார், எழுந்துவிடுவார்'னு சொல்லிக்கிட்டே இருக்கேன். அவன் படுத்த வாக்குல என்னைப் பாத்துக் கையை ஆட்டுதான். நான், 'ரசிகர்களுக்கு மாசானமுத்து கை அசைக்கிறார்'னு சொன்னேன். கூட்டம் கையைத் தட்டித் தீர்த்துட்டு. பெறகுதான் சொன்னாங்க, மைக்கை நிறுத்தச் சொல்லித்தான் கையை ஆட்டுனானாம். அம்புட்டுத் தூரத்துல அது எப்படி அண்ணாச்சி தெரியும்?

அந்த மேட்ச்ல ஏற்கனவே நாங்க முந்தி இருந்ததால ஜெயிச்சுட்டோம். அவனைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனாங்க. டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு, வலது முட்டுக்குள்ள ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு, ஆறு மாசம் ஓடக்கூடாது குதிக்கக்கூடாது, ஒழுங்கா இருந்தா ஆபரேஷன் இல்லாமலே சரியாயிரும்னுட்டாரு. இந்தச் செய்தி ஊருக்குள்ள வந்ததும் என்ன நடந்துச்சுங்கீங்க? நீங்களே சொல்லுங்க, ஜவ்வுன்னா நம்மளுக்கு என்ன தெரியும்? ஜவ்வு மிட்டாய் தெரியும். இழுத்தா நீளும், விட்டா சுருங்கும். அது கொஞ்சம் கிழிஞ்சா என்ன இப்ப? அதுவும் பாதிதானே கிழிஞ்சிருக்கு, மிச்சம் பாதி இருக்குல்லா? எல்லாரும் அந்தப் பாதியைத்தான் பேசுனாங்க. டாக்டரு கிழிஞ்ச பாதியைச் சொல்லுதாரு, நாங்க கிழியாத பாதியைச் சொல்லுதோம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குல்லா?

அந்த வாரம் பேச்சியம்மா வீட்டுக்குப் போகாத ஆளு கிடையாது. காலுக்குக் கால்னு வீட்டுக்கு வீடு ஆட்டுக்கால் சூப்பு. ஊர்ல உள்ள ஆடு பூரா நொண்டியாத்தான் திரிஞ்சிருக்கணும். ஒருத்தன் எண்ணெய் கொண்டு வாரான், ஒருத்தன் கோழிமுட்டைப் பத்து போடுதான், ஒருத்தன் அந்தப் பத்தைப் பிச்சு எறிஞ்சுட்டு இலையை வச்சுக் கட்டுதான். மிளகாயும் உப்பும் சுத்திப் போட்டுப் போட்டுத் தெரு பூராவும் இருமல். யாரு கண்ணு பட்டுச்சுன்னு ஒரு பெரிய விசாரணை. போட்டோ எடுத்தவனைத் திட்டுனாங்க, புது பூட்ஸ் வாங்கிக் குடுத்தவனைத் திட்டுனாங்க, கடைசியில என்னையத் திட்டுனாங்க. சாரைப்பாம்பு சாரைப்பாம்புன்னு இவன் கத்துனதுலதான் நாகதோஷம் பிடிச்சுட்டுன்னான் ஒருத்தன். எனக்கு மனசு விட்டுப் போச்சு அண்ணாச்சி. அந்த ஊருக்காக நான் தொண்டை கிழியக் கத்துனவன்.

அந்தம்மா கடைசியில வாசல்ல குறுக்க நின்னுக்கிட்டா. போதும்யா, எம்புள்ள கொஞ்சம் உறங்கட்டும்னா. அது என்ன பேச்சு? பாசத்துல வாரவங்களை வாசல்ல நிறுத்தலாமா? நான் அப்பவும் ஒண்ணும் சொல்லல. பெத்தவ, பயந்துருக்கான்னு விட்டுட்டேன்.

பெறகு இதே கடையில வச்சுத்தான் கமிட்டி கூடிப் பேசுனோம். பொழுது சாயுத வரைக்கும் அவன் காலைப் பத்தித்தான் பேச்சு. மடக்க முடியுதா, நீட்ட முடியுதா, இறுக்கிக் கட்டுனா ஓட முடியுமான்னு. அவன் வரல. அவனை வச்சுக்கிட்டு அவன் காலைப் பத்திப் பேசுனா நல்லாவா இருக்கும்?

சரி, அரை இறுதிக்கு யாரு? தளவாய்னு ஒரு பையன், மாசானத்துக்கு ரெண்டு மூணு வயசு எளையவன். அதுவரைக்கும் மாசானம் பூட்ஸைத் தூக்கிக்கிட்டு அலைஞ்ச பய. அவன் பேரை நான் மைக்ல சொன்னதும் கூட்டத்துல இருந்து ஒரே ஊளை. போயி மாடு மேய்லன்னு நம்ம ஊர்க்காரனே கத்துதான். மொத ரைடுலயே பிடிபட்டான். தண்ணிப் பாக்கெட்டு எல்லாம் பறந்து வந்து விழுது. தளவாயோட அப்பா கூட்டத்தை விட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. ஆனா எளவு, பையன் பிடிவாதக்காரன். ரெண்டாவது பாதியில ஒவ்வொண்ணா எடுத்தான், ஒவ்வொண்ணா எடுத்து ஜெயிச்சுட்டான். ஊளை விட்ட அதே ஆளுக அவனைத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஆடுதானுவ. நான் வேற, 'மாசானம் பாதி, தளவாய் மீதி'ன்னு ஒண்ணு எடுத்து விட்டேன். எதுகை மோனை தானா வரும் நம்மளுக்கு.

அதுல ஒரு கூத்து நடந்து போச்சு. இறுதிப் போட்டிக்கு பிளக்ஸ் அடிக்கணும். பசங்க தளவாய் படத்தை ஆள் உசரத்துக்குப் போட்டுட்டு மாசானத்தை அப்படியே விட்டுட்டானுவ. நாந்தான் சண்டை போட்டேன். ஏல, ரெண்டு வருஷம் கோப்பை வாங்கித் தந்தவன்ல, மேல ஒரு மூலையில சின்னதாவாவது போடுங்கலன்னேன். சரின்னு போட்டானுவ. மேல மூலையில, ஒரு வட்டத்துக்குள்ள. பிளக்ஸ் அடிக்கவன் பழக்க தோஷத்துல வட்டத்துக்குப் பக்கத்துல ஒரு குத்துவிளக்கையும் எரிய விட்டுட்டான்.

பேச்சியம்மா காலையில பால் வாங்க வந்தவ அதைப் பாத்துட்டா. நடுத்தெருவுல உக்காந்துட்டா அண்ணாச்சி. எம்புள்ளையை உசிரோட படத்துல வச்சுட்டீங்களேன்னு மாரடிச்சு அழுதா. வட்டத்துக்குள்ள போட்டா செத்தவங்கன்னு யாரு சட்டம் போட்டுருக்கா? நான் எடுத்துச் சொல்லத்தான் போனேன். அந்தம்மா என் பரம்பரையையே இழுத்துப் பேசிட்டா. அவன் படத்துக்காகச் சண்டை போட்டது நான், திட்டு வாங்குனதும் நான். காலம் அப்படிக் கெடக்கு.

டீ வந்துட்டு, குடிங்க. இனிமேதான் விசயமே.

இறுதிப் போட்டி. சாயங்காலம். ஸ்கூல் கிரவுண்டு கொள்ளல, வேப்ப மரத்துல எல்லாம் ஆளு. மாசானம் பாக்க வந்திருந்தான். முன்வரிசையில ஒரு சேரு போட்டு, எதிர்ல இன்னொரு சேரு போட்டு அதுல காலைத் தூக்கி வச்சிருந்தான். முழங்காலைச் சுத்திக் கட்டு. வேட்டியும் சட்டையுமா மாப்பிள்ளை மாதிரி இருந்தான். டீம் லிஸ்ட்டுல மாத்து ஆளா அவன் பேரையும் போட்டு வச்சிருந்தோம், ஒரு மரியாதைக்கு.

தளவாய் நல்லாத்தான் ஆடுனான். ஆனா எதிர் டீம் விவரமானவனுவ, கடைசிக்கு வரவர அவனை அமுக்கிட்டானுவ. கடைசி ரைடு நம்ம கையில. நாங்க ஒரு பாயிண்டு பின்னால. ரெண்டு பேரைத் தொட்டா கோப்பை ஊருக்குச் சொந்தம். தளவாய் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கான். அப்பதான் கூட்டத்துல எங்கயோ ஒருத்தன் மாசானம்னான். அடுத்தாப்புல நாலு பேரு. அந்தானைக்கு கிரவுண்டே மாசானம் மாசானம்னு அதிருது. எவனோ ஜெர்சியைக் கொண்டு வந்து அவன் மடியில போட்டான். அவன் அதைத் தொடல. இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பாக்கான். கால்ல உள்ள கட்டைத் தொட்டுக் காட்டுதான். தளவாய் ஓடி வந்து, அண்ணனை விட்ருங்க, நானே போறேன், நானே போறேன்னு கையைக் கும்பிடுதான். அவனைப் பிடிச்சுத் தள்ளிட்டானுவ.

எல்லாரும் இப்ப என்னையத்தான் குத்தம் சொல்லுதாங்க. நான் என்ன செஞ்சேன்? நான் அவனைப் பிடிச்சு இழுத்தேனா? கையைத் தொட்டேனா? மேடையில இருந்து எறங்கக்கூட இல்ல. மைக்ல, 'சாலைக்குளத்துச் சாரைப்பாம்பு இதோ எழுந்து கொண்டிருக்கிறது'ன்னேன். அம்புட்டுத்தான்.

எந்திரிச்சானான்னா கேக்கீங்க? நான் சொல்லும்போது எந்திரிக்கல. சொன்ன பெறகு எந்திரிச்சான். அம்புட்டு ஜனமும் எந்திரிச்சு நின்னு கையைத் தட்டும்போது ஒருத்தன் எப்படி அண்ணாச்சி உக்காந்திருப்பான்?

அந்த ரைடை நீங்க பாத்திருக்கணும். ஒத்தக் கால்லதான் போனான். நொண்டி அடிச்சுக்கிட்டே போனான். அவனுவ இவனைப் பாவம்னு நெனச்சுக் கிட்ட வந்துட்டானுவ. படக்குன்னு குனிஞ்சான், ஒருத்தன் தோளு, இன்னொருத்தன் விலா, ரெண்டு பேரையும் தொட்டுட்டான். திரும்புனான். திரும்பும்போது அந்தக் காலை ஊனிட்டான். மடங்கிட்டு. மேல மூணு பேரு விழுந்தானுவ. நான் மைக்ல பேச்சை நிறுத்திட்டேன், என் வாழ்க்கையில மொத தடவை. ஒரு கை வெளிய வந்துச்சு. கோட்டைத் தொட்டுச்சு.

எனக்கு இப்பச் சொல்லும்போதும் புல்லரிக்கி, இந்தா பாருங்க கையை.

அதுக்குப் பெறகு என்ன நடந்துச்சுன்னு யாருக்கும் சரியாத் தெரியாது. அப்படி ஒரு சந்தோஷம். கோப்பையைத் தூக்கி டிராக்டர்ல வச்சு, நம்ம செட்டைக் கட்டி, வெடியும் மேளமுமா ஊர்வலம். தெருத்தெருவா போனோம். பேச்சியம்மா வீட்டு வாசல்லயும் வண்டியை நிறுத்தச் சொன்னேன். பழசை எல்லாம் மனசுல வைக்காம, 'தாயே, இது உன் மகன் வாங்கித் தந்த கோப்பை'ன்னு மைக்ல சொன்னேன். கதவு பூட்டிக் கெடந்துச்சு. ஊரே கொண்டாடுது, இந்தம்மா எங்க போயிட்டான்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்காங்கன்னு மறுநாள்தான் தெரியும்.

ஆமா, நல்ல கேள்விதான். அவனை யாரு தூக்கிட்டுப் போனா. நான் நெனச்சேன் கமிட்டி ஆளுக யாராவது போயிருப்பாங்கன்னு. கமிட்டி ஆளுக எல்லாம் டிராக்டர்ல இருந்தாங்க. தளவாய்தான் தூக்கித் தோள்ல போட்டு ரோடு வரைக்கும் கொண்டு போயி ஒரு ஆட்டோவைப் பிடிச்சானாம். அவன் ஊர்வலத்துக்கு வராததைப் பாத்து, கடைசி ரைடைப் பிடுங்கிக்கிட்ட கோவத்துல போயிட்டான்னு நாங்க பேசிக்கிட்டோம். இப்பவும் அவன் என்கூடப் பேசுறதில்ல. நன்னி இல்லாத பய.

ஜவ்வு முழுசா அறுந்து போச்சாம். ஆபரேஷன் ஆச்சு. போலீஸ் வேலைக்கு எழுதிப் பாஸாகி ஓட்டத் தேர்வுக்குக் காத்துக்கிட்டு இருந்தான், அதுக்குப் போக முடியல. சரி, போலீஸ் வேலை எல்லாருக்குமா கெடைக்கி? ஆனா கோப்பை? அது எவனுக்குக் கெடைச்சிருக்கு? இந்தா பாருங்க, அந்த ஆம்ப்ளிஃபயர் மேல துணி போட்டு மூடி வச்சிருக்கேன்லா, அதுதான். என் பொறுப்புலதான் இருக்கு. எடுத்துக் காட்டவா? வேண்டாமா? சரி.

இப்ப நல்லா நடக்கான் அண்ணாச்சி. பைக் ஓட்டுதான். மாடிப்படி எறங்கும்போது மட்டும் கொஞ்சம் மெதுவா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு. சம்மணம் போட வராது, அது உண்மை, ஒத்துக்கிடுதேன். அதுக்கென்ன? இப்ப எத்தனை கல்யாணத்துல மாப்பிள்ளை சேர்ல உக்காந்து தாலி கட்டுதான். உங்க வீட்டம்மாகிட்ட தைரியமாச் சொல்லுங்க. யாராவது எதாவது முணுமுணுத்தா அது உங்க காதுல விழாதபடி நான் மேளத்தைக் கூட்டி வச்சிருவேன், செட்டு நம்மதுதானே.

எனக்கு ஒரே ஒரு வருத்தம் இருக்கு. உங்களை மாமனாரா நெனச்சுச் சொல்லுதேன். ஆபரேஷனுக்குப் பெறகு அவன் கிரவுண்டுப் பக்கமே வாரதில்ல. இந்தத் தெரு வழியா வந்தா பஸ் ஸ்டாண்டு கிட்ட. ஆனா அவன் குளத்தங்கரையைச் சுத்திக்கிட்டுப் போறான், என் கடையைத் தாண்ட வேண்டாம்னு. நான் என்ன பேயா பிசாசா? இந்த வைகாசிக்குப் புதுக் கோப்பை வருது. மறுபடி முதல்ல இருந்து மூணு வருஷம். அவன் இல்லாம முடியுமா? நானே நேர்ல போயி கேட்டேன். வேண்டாம்ணேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போயிட்டான். அவன் எப்பவும் அப்படித்தான், மொதல்ல வேண்டாம்பான். பட்டத்தையும் வேண்டாம்னுதான் சொன்னான். சரின்னு நான் இந்த வருஷ நோட்டீஸ்ல அவன் பேரைப் போட்டுட்டேன். அச்சுக்குப் போயாச்சு. பேரைப் போட்டுட்டா வந்துருவான். அன்னைக்கு நான் மைக்ல கூப்பிட்டா ஜனம் மிச்சத்தைப் பாத்துக்கிடும்.

அவன்கிட்ட சம்மதம் கேட்டேனான்னா? அவன்கிட்ட எதுக்கு அண்ணாச்சி கேக்கணும்? அவன் எங்க ஊரு ஆளு.

அதனால உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கேன். கல்யாணத்தை ஆனியில வச்சுக்கிடுங்க. வைகாசி கழிஞ்சிரட்டும். புது மாப்பிள்ளைன்னா விருந்து மறுவீடுன்னு உடம்பு தளந்து போயிரும், அதுக்குத்தான். நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பான்.

என்ன, எந்திரிச்சுட்டீங்க? டீ அப்படியே இருக்கு. எம்பேச்சுல எதாவது தப்பா வந்துட்டா? உங்க முகமே ஒரு மாதிரி ஆயிட்டே. பிடிக்கலன்னா சொல்லிருங்க, மனசுல வச்சுக்கிடாதீங்க.

பொண்ணைக் குடுக்கீங்களா? நெசமாவா? அப்படிச் சொல்லுங்க அண்ணாச்சி. நான் ஒரு நிமிசம் பயந்துட்டேன். நான் சொன்னேம்லா, பையன் தங்கம்னு.

பங்குனி உத்திரத்துக்கா? அது அடுத்த மாசம்லா. ஏன் இம்புட்டு அவசரம்? மண்டபம் கெடைக்காதே. கோயில்ல வச்சா போதும்னா... சரி, அது உங்க இஷ்டம். அப்ப வைகாசிக்குள்ள விருந்தெல்லாம் முடிஞ்சிரும், அதுவும் நல்லதுதான்.

கயத்தாறுக்கா? அவனையா? அவங்க அம்மாவையும் சேர்த்தா? உங்க பலசரக்குக் கடைக்கு ஆளு வேணும்னா நான் வேற ஆளு பாத்துத் தாரேன் அண்ணாச்சி. வீட்டோட மாப்பிள்ளைன்னா ஊர்ல என்ன பேசுவாங்க? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்லா? பேசுனா உங்களுக்குக் கேக்காதா? அம்புட்டுத் தூரத்துக்கு எந்த மைக்கும் எட்டாதுங்கீங்களா?

சரி, இருக்கட்டும். வைகாசியில ஒரு ஞாயித்துக்கிழமை மட்டும் அனுப்பி வையுங்க. இறுதிப் போட்டிக்கு மட்டும். சும்மா சேர்ல உக்காந்து பாத்துட்டுப் போகட்டும். நான் அவன் பேரைச் சொல்லல. சத்தியமாச் சொல்லல.

மாட்டீங்களா.

நான் அவனைப் பத்தி ஒரு குறை சொன்னேனா அண்ணாச்சி? யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு குறை? இங்க வாரதுக்கு முன்னால உங்களுக்குக் குடுக்கலாமா வேண்டாமான்னு ரெண்டு மனசா இருந்துச்சு, இல்ல? என்கிட்ட கேட்ட பெறகுதான் முடிவு பண்ணுனேன்னு உங்க வாயாலயே சொல்லுதீங்க. அப்ப நான் நல்லதுதானே சொல்லியிருக்கேன்?

வீடா? இந்தச் சந்துல நேராப் போயி, பால் பண்ணையைத் தாண்டி இடது கைப் பக்கம் திரும்புங்க. பச்சைக் கதவு. அவன் இன்னைக்கு லீவு, இருப்பான்.

அண்ணாச்சி, ஒரு நிமிசம். பூலுடையார்தான் வழி சொன்னாருன்னு அங்க போயி சொல்லிராதீங்க. நீங்க வந்த காரியம் கெட்டுப் போயிரும்.